விடியற்காலையில் கண்ணயர்ந்த டிரைவர்

கேள்வி: பத்து லாரிகள் வைத்துத் தொழில் நடத்தி வருகிறேன். டிரைவர்கள் அனுபவசாலிகள், குடிப்பழக்கம் இல்லாதவர்கள். ஆயினும் சென்ற மாதம் விடியற்காலை நாலு மணியளவில் ஒரு வண்டி சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதிற்று. நல்ல காலம், உயிர்ச்சேதம் இல்லை. கண் அசந்துவிட்டதாக டிரைவரே ஒப்புக்கொண்டார். அவரை நீக்கிவிடலாமா? மற்றவர்களுக்குத் தூக்கம் வராதிருக்க என்ன உபாயம் சொல்லலாம்?
(லாரி உரிமையாளர் ஒருவர், நாமக்கல்)

பதில்: அவரை நீக்குவதைப் பற்றித் தீர்மானிக்குமுன், விபத்துக்கு முந்திய ஒரு வாரத்து டிரிப் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அவர் எப்போது விழித்தார், லோடு ஏற்றும் இடத்தில் எத்தனை மணி நேரம் காத்திருந்தார், எந்த வேளையில் வண்டியை எடுத்தார், கடைசியாக முழு இரவு உறங்கியது என்றைக்கு என்பவற்றை அவரிடமே கேட்டு எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தபின், தவறியவர் அவர்தாமா, அல்லது அந்த வாரத்தை வகுத்துக் கொடுத்த நிர்வாகமா என்ற சந்தேகம் உங்களுக்கே உண்டாகுமென்பது என் திடமான அபிப்பிராயம்.

இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடைப்பட்ட வேளையில் மனித தேகம் இயல்பாகவே மிகவும் தளர்ந்துவிடுகிறது. எத்தனை வருஷ அனுபவமும் இதை மாற்றிவிடுவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுபவர் மூன்று விநாடி கண் மூடினால், 50 மீட்டர் தூரம் பார்ப்பாரின்றி ஓடிவிடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் திறமை, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் திறமையளவுக்குக் குன்றிவிடுகிறதென்று ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்னும் இருவர் 1997இல் பரிசோதித்து வெளியிட்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதிக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் குடோன் வாசலில் காத்துக் கிடந்து, இரவு எட்டு மணிக்குப் புறப்படுகிறவர், பதினோரு மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். அவ்வாறு காத்துக் கிடந்த நேரத்தை ஓய்வென்று கணக்கிடும் வழக்கத்தை நான் பெருங்கேடாகக் கருதுகிறேன். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்த வேண்டியவருக்கு நித்திரை எங்கிருந்து வரும்?

இது சாலைக்கு மட்டும் உரிய விஷயமன்று. 1988ஆம் வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி காலை, லண்டன் நகரத்துக் கிளாப்பம் சந்திப்புக்கு அருகில் ரயில்கள் மோதி 35 பேர் மாண்டார்கள். சிக்னல் பெட்டியில் வயரிங் வேலை செய்த தொழிலாளி, நீக்கியிருக்க வேண்டிய பழைய கம்பியொன்றை முழுவதும் துண்டிக்காமல் விட்டதால், சிவப்பு விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. விசாரணையில் வெளிப்பட்டது என்னவென்றால், அந்த மனிதர் பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை கண்டிருந்தார் என்பது! அவர் சோம்பேறியல்லர், மேலும் மேலும் வேலை செய்யச் சம்மதித்தவர். சம்மதித்தார் என்பதற்காகவே கொடுத்துக்கொண்டிருந்த மேலதிகாரிகளின் பொறுப்பைப் பின்னர் யாரும் மறைக்க இயலவில்லை.

ஆகவே உபாயத்தை டிரைவரிடம் தேடாமல் உங்கள் மேஜையில் தேடுங்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி இடைவேளை, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்று மட்டும் கொடுத்தால், வேகமாகவும் தூங்காமலும் ஓட்டுவதற்கே பணம் கொடுக்கிறீர்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் படி கொடுத்துப் பாருங்கள். ‘முடியவில்லை, நிறுத்தியிருக்கிறேன்’ என்று நடுவழியில் போன் செய்கிறவரை ஒரு வார்த்தை கடிந்து பேசிவிட்டால், அடுத்த முறை யாரும் போன் செய்யமாட்டார்கள்.

இரண்டு டிரைவர்களை அனுப்புவது உத்தமமே. ஆனால் பின்னால் படுத்திருந்தவரை எழுப்பியவுடன் ஸ்டியரிங்கில் உட்கார்த்தக்கூடாது. 2010ஆம் வருஷம் மே மாதம் மங்களூரில் 158 பேர் மாண்ட விமான விபத்தில், தலைமை விமானி நெடுநேரம் உறங்கி எழுந்தவரென்பதும், உறங்கியெழுந்த மந்தம் அவருடைய தீர்மானத்தைப் பாதித்திருக்கக்கூடுமென்பதும், மேலெழுந்து மறுபடி சுற்றி வரலாமென்று துணை விமானி சொல்லியும் விமானம் இறக்கப்பட்டதென்பதும் விசாரணையில் பதிவாயின. எழுந்து, முகம் கழுவி, சற்று நடந்து, இருபது முப்பது நிமிஷமாவது கழிந்தபின் ஓட்டட்டும்.

திறந்த ஜன்னலும், பாட்டும் சில நிமிஷங்களுக்கு மேல் உதவா. டீ வேலை செய்ய அரைமணி பிடிக்கும். அதைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் படுத்தெழுவது இரண்டையும் பயன்படுத்தும் வழி. ஊருக்கே கேட்கும்படி குறட்டை விடுகிறவர், பகலில் உட்கார்ந்தபடியே உறங்குகிறவர் உங்களிடம் இருந்தால், அவரைத் தாமதியாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாயிருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: என் கணவர் இரவு பஸ் ஓட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்கு வருகிறார். பகலில் நாலு மணி நேரங்கூடத் தூங்குவதில்லை. என்ன செய்யலாம்?
(வாசகி ஒருவர், சேலம்)

பதில்: அம்மா, பகல் நித்திரை வெளிச்சத்தாலும் சப்தத்தாலும் கலைவது, அவருடைய குறையன்று. அறையின் ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, அவருடைய போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டியின் பிற்பகுதியில் டீ, காபி வேண்டாமென்று சொல்லுங்கள். மறுபடி புறப்படுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் படுத்தெழுந்தால் மிகவும் நல்லது. ரேஷன் கடை வேலையையும், பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவதையும், கூடுமானவரை அவருடைய வாராந்திர ஓய்வு நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.