தேவாங்கு பார்க்கப் போகலாம் வாங்க!

நண்பர்களே, காட்டு மிருகம் பார்க்கணும் என்று பேச்சு வந்தால் நம் ஹாஸ்டலில் எல்லோர் வாயிலும் வருவது முதுமலை, டாப்ஸ்லிப், பந்திப்பூர். பஸ் சார்ஜையும் தங்கும் செலவையும் கூட்டிப் பார்த்ததும், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா" என்று பேச்சு முடிந்துவிடும். எங்கள் செட்டில் மூன்று வருடமாக இதே கதை. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை.

ஸ்ரீரங்கத்திலேயே ஆரம்பிக்கலாம். சித்ரா பௌர்ணமிக்கு நம்பெருமாள் அம்மா மண்டபம் எழுந்தருளி நடக்கும் கஜேந்திர மோட்சத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையில் வரும் முதலை வெறும் கதையல்ல. கொள்ளிடத்தில் இன்றும் முதலை உண்டு. கிழக்கே அணைக்கரைப் பக்கம் அது பிரசித்தம். ஊருக்குள் வந்துவிட்ட முதலைகளைப் பிடித்து, சிதம்பரம் அருகே வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். மார்கழி, தை மாதக் காலை வெயிலில் மணல்திட்டில் கட்டை மாதிரி கிடக்கும். பாலத்து மேலிருந்து பார்ப்பதோடு சரி, செல்ஃபி எடுக்க இறங்காதீர்கள். மணலில் குழி தோண்டி முட்டையிடும் பிராணி அது. ஆற்றில் மணலே இல்லை என்றால் அது எங்கே போகும்?

மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா சிட்டி பஸ் தூரம்தான். மயிலுக்கு விராலிமலை. பறவைக்கு அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரி. 1999-ல் சரணாலயமான அந்த ஏரி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து அங்கே இறங்குகிறது. ஏரிக்குத் தண்ணீர் வருவது புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக. ஆகவே கிளம்புமுன் மேட்டூரில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிமான் பார்க்க ஆசைப்பட்டால் கோடியக்கரை போகணும். அது கொஞ்சம் தூரம்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது தேவாங்கு.

ஒல்லியாக இருப்பதால் முதல் வருடத்திலிருந்தே எனக்கு அந்தப் பட்டப்பெயர். "தேவாங்கு வந்துட்டான்டா" என்பார்கள். சொன்னவர்களில் ஒருத்தன்கூட தேவாங்கைப் பார்த்தது கிடையாது, நானும்தான். அய்யலூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு நண்பன்தான், "எங்க ஊர்ல நெஜமாவே இருக்குடா, வா காட்டறேன்" என்று கூட்டிப்போனான். திண்டுக்கல் பஸ்ஸில் மணப்பாறை, வையம்பட்டி தாண்டினால் அய்யலூர். அந்தச் சுற்று வட்டாரத்துக் காடுகளில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது.

காட்டுக்குள் ராத்திரி போக வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் ஊர் ரோட்டோரமாகத்தான் நடந்தோம். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டோம். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை, கொசுக்கடிதான். பிறகு புளியமரத்தில் இரண்டு நெருப்புத்துண்டு தெரிந்தது. தேவாங்கின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. ரோட்டில் பதிக்கும் ரிஃப்ளெக்டர் மாதிரிதான்.

கால் கிலோ எடைதான் இருக்கும், வால் கிடையாது. ஒரு கையை வைத்து, பிடியை உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்ததை எடுக்கிறது. பூச்சிதான் முக்கிய ஆகாரம், அதனால் விவசாயிக்கு வேண்டப்பட்டது. ஆனால் மந்திரம், மருந்து என்று சொல்லி அதைப் பிடித்து விற்றவர்களும் உண்டு. சட்டப்படி அது பெரிய குற்றம்.

நண்பனின் தாத்தா சொன்னார்: "அது குரங்கு மாதிரி தாவாது தம்பி. கெளை தொட்டாத்தான் அடுத்த மரத்துக்குப் போவும். தொடலைன்னா கீழ எறங்கும். எறங்குனா நாய் விடாது, லாரியும் விடாது."

மறுநாள் காலை அதே ரோட்டில் போனபோது, மரங்களில் பெயின்ட்டால் நம்பர் போட்டிருந்ததைக் கவனித்தேன். அகலப்படுத்தவோ, வெறும் கணக்கெடுப்புக்கோ, தெரியாது. ராத்திரி தேவாங்கு இருந்த புளியமரத்திலும் ஒரு நம்பர்.

நண்பர்களே, நான் சிவில். நாளைக்கு இந்த நம்பரைப் போடப்போவது நம் ஆட்கள்தான். செயின் சர்வேயில் மரத்தை ஒரு புள்ளியாக வைத்து ஆஃப்செட் எடுக்கிறோம். மேலே கிளையும் கிளையும் தொடுகிறதா என்று எழுத ஃபீல்டு புக்கில் இடமே கிடையாது. ரோட்டை அகலப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸும் அதில்தான் வரணும். ஆனால் ஒரு வரிசை மரத்தை வெட்டுமுன் எந்த இரண்டை விட்டால் வழி அறுந்துபோகாது என்று பார்க்க ஒரு நாள் போதும். வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் கடக்க ரோட்டுக்கு மேலே தொங்கு பாலமே கட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் சர்வே பிராக்டிகலில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஓரமாக "கிளை தொடுகிறது" என்று எழுதிவைத்தேன். சார் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இது எதுக்குப்பா?" என்றார். சொன்னேன். மார்க்கைக் குறைக்கவில்லை. "எந்த ஊர் பஸ் ஏறணும்?" என்று மட்டும் கேட்டார்.