சேற்றுக்கும் முகவரி உண்டு

ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாம் நகருக்கு அருகில் செம்புரோங் நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1984ஆம் ஆண்டில் இதன் அணை கட்டி முடிக்கப்பட்டது. இதன் நீர் குடிநீராகவும் பயன்படுகிறது. மழைநீர் அடித்துவரும் மண் இதன் அடியில் படிகிறது. மண் படியப் படிய, நீர் தேங்கும் இடம் குறையும். 2006ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஜொகூரை மூழ்கடித்த பெருவெள்ளத்தை நினைத்துப் பார்த்தால், அந்த இடத்தின் அருமை விளங்கும்.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களே மிகுதி. ஆகவே, தோட்டங்கள்தாம் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், எந்தத் தோட்டம்? செம்பனை மரங்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்டு, புதிய கன்றுகள் நடப்படுகின்றன. அப்போது வெறுமையாகக் கிடக்கும் நிலத்தின் மண்ணைக் கரைக்க ஒரு கனமழை போதும். மண்சாலைகளும் ஆற்றுக்கரைகளும்கூடச் சேறு தருகின்றன. கலங்கிய நீரை வெறும் கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய இயலாது.

செடிகளே இதற்குத் துப்புக் கொடுக்கின்றன. வேர்களிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் மண்துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. மண் ஆற்றோடு போனாலும் அவை உடன் செல்கின்றன. அவற்றில் கரிமம்-12, அதைவிடச் சற்றுக் கனமான கரிமம்-13 ஆகிய இரண்டும் கலந்துள்ளன. அந்த விகிதம் செடிக்குச் செடி வேறுபடும். நியூசிலாந்து ஆய்வாளர் மேக்ஸ் கிப்ஸ் 2008இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். மலேசிய அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் செம்புரோங் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் இதனைப் பயன்படுத்தியுள்ளனர்.

முதலில் ஒவ்வொரு வகை நிலத்தின் மேல்மண்ணும் சேகரிக்கப்படும். பிறகு, இரண்டு ஓடைகள் கூடும் இடத்திற்கு மேலேயும் கீழேயும் சேறு எடுக்கப்படும். கீழே உள்ள சேறு இரண்டின் கலவைதானே! எந்த ஓடை எவ்வளவு தந்தது என்பதைக் கணக்கிட்டு, அப்படியே மேல்நோக்கிச் சென்றால் மண் கரையும் இடத்தை நெருங்கலாம்.

இக்கணக்கில் கவனம் தேவை. ஒரு கரண்டி கெட்டித் தேநீர், ஒரு குவளை நீர்த்த தேநீரைவிட அதிக நிறம் தரக்கூடும். அதுபோலவே, காட்டு மண்ணில் கரிமம் மிகுதி. அது சிறிதளவே கலந்திருந்தாலும் சேற்றில் அதன் அடையாளம் ஓங்கித் தெரியும். எனவே, மண்ணிலுள்ள கரிமத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே மண்ணின் உண்மையான பங்கு கிடைக்கும்.

மண் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. 1950, 1960களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய சீசியம்-137 மழையோடு இறங்கி, மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. அதன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள் என்பதால் இன்னும் அதை அளக்க முடிகிறது. சேற்றில் சீசியம் ஓரளவு இருந்தால், அது நிலத்தின் மேற்பரப்பிலிருந்து வந்திருக்கலாம். அங்கே மூடுபயிர் வளர்க்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால், இடிந்து விழும் கரைகளைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே தோட்டத்து மூடுபயிரால் பயனில்லை.