கொள்கை விவாதமும் குடிமக்கள் கடமையும்

பொதுக் கொள்கையைப் பற்றி அபிப்பிராயம் கொள்வது குடிமக்களின் உரிமை. அதை வெளியிடும் முறையை அறிவது அவர்களது கடமை. கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1985-இல் பாராளுமன்றம் இயற்றிய இச்சட்டத்தின்கீழ், முதலில் 22 ரகங்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 1993-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் ரகங்கள் 11 ஆகக் குறைக்கப்பட்டன.

ஒதுக்கீடு இன்றேல் கைத்தறியாளர் பிழைப்பு இல்லை என்கிறோம் நாம். மலிவான துணி ஏழைகளுக்கு வேண்டும், விசைத்தறியில் உழைப்போரும் கூலியாளரே என்பர் எதிர்த்தரப்பினர். இரண்டும் வயிற்றுப்பாட்டைப் பற்றிய பேச்சே. அவர்களைத் துரோகிகள் என்று ஏசுவதால் நமது தறிகளில் ஒன்றுகூட ஓடாது.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்று நியதிகளைக் கைக்கொள்வார்களாக. முதலாவது, மாற்றாரின் வாதத்தை அவர்களே ஒப்புமாறு எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தல். இரண்டாவது, கேள்விப்பட்டதை விடுத்துக் கணக்கை முன்வைத்தல். அரசாங்க அலுவலகங்களிலுள்ள விவரங்களை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்துக் கேட்கலாம். மூன்றாவது, முடிவு பாதகமாயினும் அதற்குக் கட்டுப்பட்டு, சட்ட வழியிலேயே மாற்றம் கோருதல்.

பருத்திக்கு நல்ல விலை வேண்டும் என்பர் உழவர். நூல் விலை குறைய வேண்டும் என்பர் நெசவாளர். இருவரும் நம் சங்கத்தாரே. இவ்வழக்கை ஏசாது பேசித் தீர்க்கப் பழகுவோமாயின், நாட்டு விவாதத்திற்கும் நாம் தகுதியுடையோர் ஆவோம்.