ஏடும் தட்டும்

தேவாரத் திருப்பதிகங்கள் எழுதிய ஏடுகள் சிதம்பரம் திருக்கோயிலின் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன என்று திருமுறைகண்ட புராணம் கூறும். மூவர் கை இலச்சினை இட்ட அவ்வறையைச் சோழ மன்னன் திறப்பித்தபோது, ஏடுகளின்மேல் கறையான் புற்று மூடிக் கிடந்தது. நம்பியாண்டார் நம்பி புற்றின்மேல் எண்ணெய் சொரிவித்து, மண்ணை அகற்றி, எஞ்சியவற்றை எடுத்தார். பாடப்பெற்றவற்றுள் சிறு பகுதியே கிடைத்தது என்பது மரபு. பூட்டும் இலச்சினையும் பழுதின்றியே இருந்தன என்பது இங்கே கருதத்தக்கது.

இவ்வரலாற்றுக்குப் பின்னிணைப்புப்போல் மற்றொரு செய்தியும் உண்டு. ஏடுகளில் காணப்படாத திருஞானசம்பந்தரின் பதிகமொன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயிலின் கல்வெட்டிலிருந்து வெளிப்பட்டது. ஓலை வேறு, கல் வேறு. இருந்த இடமும் வேறு. ஆதலின் ஒன்று அழிந்தும் மற்றொன்று நின்றது.

இன்று மக்கள் தம் எழுத்தையும் படத்தையும் குரலையும் பெரும்பாலும் கணினியில் சேமிக்கின்றனர். காந்தப் பூச்சுடைய தட்டுகளில் செய்தியைப் பதியும் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் சேர்ந்தும் அது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. இக்காலத்தில் உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு ஒன்றே 8 இலட்சம் கோடி பைட்டுகளை ஏற்கும். ஆயின் அதனுள்ளே தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, படிக்கும் முனை மயிரிழைப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் மிதக்கின்றது. இத்துணை நுட்பமான பொருள் என்றேனும் பழுதுறும் என்பதில் ஐயமில்லை.

அதனால் பல தட்டுகளை ஒரு தொகுதியாக இணைக்கும் முறை தோன்றியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் இதனை விளக்கி, ‘ரெய்டு’ என்னும் பெயரால் வழங்கினர். அதன் உட்பொருள் எளிய கணக்கேயாகும். கணினியின் செய்தியெல்லாம் 1, 0 என்னும் இரண்டு குறிகளால் ஆனது. மூன்று தட்டுகளில் முறையே 1, 0, 1 என்று இருப்பதாகக் கொள்வோம். நான்கிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரவேண்டும் என்பது விதி. ஒன்றுகள் முன்பே இரண்டு இருத்தலால் நான்காம் தட்டில் 0 எழுதப்படும். இப்போது முதல் தட்டு கெடுகின்றது. எஞ்சியவை 0, 1, 0. இவற்றில் ஒன்று ஒற்றைப்படையாக இருத்தலின், கெட்ட தட்டில் இருந்தது 1 என்பது தெளிவு. இரண்டு தட்டுகள் ஒருங்கே கெட்டால் இக்கணக்கு பயன்படாது. அதற்கு வேறு வகையான இரண்டாம் சரிபார்ப்புக் குறியும் வேண்டும்.

கடலூரில் ஒரு வீட்டில் இத்தகைய நான்கு தட்டுகள் கொண்ட சர்வர் உள்ளதென்று கொள்வோம். மறைந்த பாட்டியின் தாலாட்டுப் பதிவுகள், நிலப் பத்திரங்களின் படங்கள், திருமணப் புகைப்படங்கள் யாவும் அதில் இருக்கின்றன. ஒருநாள் காலை, ‘ஒரு தட்டைக் காணவில்லை’ என்று அது அறிவிக்கின்றது. வீட்டார் முதலில் செய்யவேண்டுவது, கைவசமுள்ள அரியவற்றை வேறொரு தட்டில் படியெடுத்துக்கொள்வதே. பழுதுபார்ப்பது அதன் பிறகு.

நோய் தட்டினிடத்ததா, அதற்குச் செல்லும் வழியினிடத்ததா என்று அடுத்து ஆராய வேண்டும். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் இயல்புடையது. கெட்ட பகுதிகளுக்கு மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றால் தட்டு நலிகின்றது என அறியலாம். செய்தி கடந்து வரும்போது நேரும் பிழைகள் மட்டும் மிகுந்தால், கேபிளின்மேல் ஐயங்கொள்ள வேண்டும்; கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் களிம்பேறுவது புதிதன்று. பல தட்டுகள் ஒரே நொடியில் மறைந்தால் அவை யாவும் ஒருங்கே மாண்டன என எண்ணலாகாது. அவற்றுக்குப் பொதுவான மின்வழங்கியோ இணைப்பு அட்டையோ கெட்டிருத்தல் கூடும். அந்நிலையில் அஞ்சித் தொகுதியைப் புதிதாக அமைக்கும்படி ஆணையிடுவார், தம் கையாலேயே எல்லாவற்றையும் அழித்தவராவார். தட்டு ‘டக், டக்’ என்று ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பது பேதைமை.

எடுக்கும் தட்டு எது என்பதிலும் விழிப்பு வேண்டும். நலிந்த தொகுதியிலிருந்து நல்ல தட்டை உருவிவிட்டால் தொகுதி முழுதும் சாயும். ஆகவே ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணையும் பெட்டியின்மேல் முன்னரே எழுதி ஒட்டுதல் நலம்.

புதுத் தட்டை இட்டதும், இழந்த செய்தி மீண்டும் கணக்கிட்டு எழுதப்படும். நொடிக்கு 15 கோடி பைட்டு எழுதினாலும், 8 இலட்சம் கோடிக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் பிற தட்டுகள் முழுமையாகப் படிக்கப்படுகின்றன. பல்லாண்டு எவரும் தொடாத மூலையில் மறைந்திருந்த பழுது அப்போதுதான் வெளிப்படும். மாதந்தோறும் தொகுதி முழுவதையும் ஒருமுறை படித்துச் சரிபார்க்கும்படி அமைப்பதற்குக் காரணம் இதுவே.

தொகுதி என்பது வேறு, படி என்பது வேறு. வீட்டுச் சிறுவன் ஒருவன் தவறிக் கோப்பொன்றை அழித்தால், நான்கு தட்டுகளும் பணிவுடன் அதனை அழித்துவிடும். மேலும் நான்கும் இருப்பது ஒரே கூரையின்கீழ். கடலூர் மாவட்டம் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்டது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இக்கரையில் ஏறி மின்கம்பங்களைச் சாய்த்தது. 2015-இல் பெருவெள்ளம் ஊர்களைச் சூழ்ந்தது. எழுதும்போது மின்சாரம் அறுந்தால் செய்தியும் சரிபார்ப்புக் குறியும் ஒவ்வாமற்போகும். மின்கலத்தோடு கூடிய யு.பி.எஸ். கருவி அதற்குக் காப்பாகும். வெள்ளத்திற்கு அது காப்பாகாது.

ஆதலின் படியொன்று, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிதம்பரத்தில் உறவினர் வீட்டில் இருக்கலாம். ஒரே புயல் இரண்டு ஊரையும் தாக்கக்கூடுமாகையால், மற்றொரு படி மதுரையிலோ கோவையிலோ இருப்பது மேலும் நன்று. சிதம்பரத்துக்கென இரண்டு தட்டுகள் வேண்டும். மூன்று திங்களுக்கொருமுறை, புதிதாகப் படியெடுத்த தட்டு கடலூரிலிருந்து பேருந்தில் செல்லும். அது அங்கே சேர்ந்த பின்னரே பழையது திரும்பும். திரும்பியதை வேறொரு கணினியில் இணைத்து, சில படங்களைத் திறந்து பார்த்து, தாலாட்டில் ஒன்றைக் கேட்டு, மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே அதன்மேல் அடுத்த படி எழுதப்படும்.