சொந்தக்காரர் இல்லாத மொழி



நம்ம தமிழுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு என்று நிறைய சொந்தக்கார மொழிகள் உண்டு. இவை எல்லாம் சேர்ந்ததுதான் திராவிட மொழிக் குடும்பம். ஆனால் எந்தக் குடும்பத்திலும் சேராத மொழிகளும் உலகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தனிமொழி என்பார்கள். நம் இந்தியாவிலேயே அப்படி ஒரு மொழி இருக்கிறது. அதன் பெயர் நிகாலி.

எங்கே பேசுகிறார்கள்?

மகாராஷ்டிராவில் புல்டாணா மாவட்டம், ஜாமோத் பக்கத்துக் கிராமங்களில். பேசுபவர்கள் சுமார் 2,500 பேர்தான். எழுத்து கிடையாது. மக்கள்தொகைக் கணக்கில் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியைத் தனியாகக் காட்டுவதில்லை. அதனால் அந்தப் பட்டியலில் நிகாலி என்ற பெயரே வராது.

ஒரு ஆச்சரியம்

நிகாலியில் எண்ணிப் பாருங்கள்:
1 – பிடும்
2 – இரர்
3 – மோத்
4 – நாலோ

இரண்டு, மூன்று, நாலு மாதிரியே இருக்கு இல்லையா! இவை திராவிட மொழிகளிடம் வாங்கிய சொற்கள். பக்கத்தில் பேசும் கோர்க்கு, மராத்தி மொழிகளிடமும் நிறைய வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கண்ணுக்கு 'ஜிகி', தண்ணீருக்கு 'ஜோப்போ'. இவை யாரிடமும் வாங்காதவை. 1962-ல் கைப்பர் என்ற அறிஞர் நிகாலியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் சொற்களில் சுமார் நாலில் ஒரு பங்கு வேறு எந்த மொழியோடும் சேரவில்லை என்று கண்டார்.

ஏன் குறைகிறது?

பள்ளிக்கூடத்தில் மராத்தி. சந்தையிலும் மராத்தி. பக்கத்து ஊர்க்காரரிடம் கோர்க்கு. நிகாலிக்கு மிச்சம் வீடு மட்டும்தான். வீட்டிலும் பேசாவிட்டால் என்ன ஆகும்? அந்தமானில் 'போ' என்ற மொழியைப் பேசிய கடைசிப் பாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். அவரோடு அந்த மொழியும் போய்விட்டது.

நம்ம ஊரில்

நம் அணைக்கு அக்கரையில் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு தனிமொழி இல்லை, தமிழுக்கும் மலையாளத்துக்கும் சொந்தம்தான். ஆனால் பேசுபவர்கள் கொஞ்சம் பேர். என் கூட்டுக்காரி ஒருத்தி போன வருஷம் வகுப்பில் அவள் வீட்டுப் பேச்சில் பதில் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் எங்களிடம் அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நிகாலியைப் பற்றிப் படித்தபோதுதான் நான் செய்த தப்பு புரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பாட்டி மட்டும் சொல்லும் ஒரு சொல்லை அர்த்தத்தோடு எழுதுங்கள். முதல் சொல்லை அவளே எழுதுகிறேன் என்றிருக்கிறாள். யாரும் சிரிக்காதீங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி