சரும வைத்தியத்தில் விசேஷப் பயிற்சி நாடும் தம்பிக்கு



எம்.டி. படிப்பின் மூன்றாம் வருஷம் முடியப்போகும் இத்தருணத்தில், லேசர் சிகிச்சையிலோ, முடி நடும் சஸ்திர சிகிச்சையிலோ, குழந்தைகளின் சரும நோய்களிலோ ஃபெல்லோஷிப் ஒன்றைத் தேடிக்கொள்வதே உசிதம் என்று உன் சகபாடிகள் சொல்லக் கேட்டு, நீயும் யோசித்துக்கொண்டிருப்பாய். அவையெல்லாம் நல்ல துறைகளே. அவற்றில் தேர்ந்தவர்கள் நாட்டுக்கு வேண்டும். ஆயினும், நீ பெறப்போகும் பட்டத்தின் பெயரிலேயே சரும நோய்க்கும் பால்வினை நோய்க்கும் அடுத்தபடியாக நிற்கின்ற தொழுநோயை, பரீட்சைக்காகப் படித்து மறக்க வேண்டிய அத்தியாயமாகக் கருதாமல், ஓராண்டேனும் அதையே உன் விசேஷப் பயிற்சியாகக் கொள்ள வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.

தேசிய அளவில் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற விகிதத்துக்கும் கீழே இந்நோய் இறங்கிவிட்டதென்று 2005ஆம் ஆண்டின் முடிவில் அறிவிக்கப்பட்டது. அதை நோயே ஒழிந்ததாகப் பொருள் கொண்டவர்கள் வைத்தியர்களிலும் உண்டு. உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்றும் நம் தேசத்தவரே. அவர்களில் எத்தனையோ பேர் சாதாரணத் தேமலென்று களிம்பு பூசிக் காலம் கழித்து, விரல் மடங்கத் தொடங்கிய பிறகே தக்க இடம் வந்து சேர்கிறார்கள்.

நோயாளியின் முழங்கையைச் சற்றே மடக்கச் செய்து, உட்புற எலும்பு முனைக்குப் பின்னுள்ள பள்ளத்தில் உன் விரல் நுனிகளை மெதுவாக உருட்டி, அங்கே ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார். அப்போது உன் கண் அவர் முகத்தின் மேலேயே இருக்கட்டும், ஏனெனில் நரம்பு நொந்தால் வாய் சொல்வதற்கு முன் முகம் சொல்லிவிடும். நோய் முற்றிய வகையில் தேமலில் உணர்ச்சி குன்றாமலும் இருக்கலாமாதலால், காதுமடலைச் சிறிது கீறி எடுத்த திரவத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் வித்தையையும் பிறரிடம் விட்டுவிடாமல் நீயே பழகு. இந்த ஸ்பரிச ஞானம் புத்தகத்தில் வராது. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசோலோன் தொடங்கினால் கை பிழைக்க இடமுண்டு. அதற்கப்பால் நம்பிக்கை மிகவும் குறைந்துவிடுகிறது.

அறிவுக்கு விருந்தும் இங்கே குறைவில்லை. 1873இல் ஹான்சன் கண்ட கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. ஒரே கிருமி ஒருவர் உடலில் ஒற்றைத் தேமலாகவும் மற்றொருவர் உடலில் முகமெங்கும் முடிச்சுகளாகவும் தோன்றுவது அவரவர் எதிர்ப்புச் சக்தியின் தன்மையால் என்பதை ரிட்லியும் ஜாப்லிங்கும் 1966இல் வகுத்துக் காட்டிய முறையை ஊன்றிக் கற்றவனுக்குப் பிற சரும நோய்களின் பயாப்ஸி ஸ்லைடுகளும் தெளிவாகப் பேசத் தொடங்கும். நீ பிற்பாடு எந்தக் கிளையில் புகுந்தாலும் இப்பயிற்சி வீண்போகாது.

இதற்காகக் கடல் கடக்கவும் வேண்டாம். டாப்சோன் மருந்தைக் கையாளுவதில் காக்ரேன் முன்னோடியாக உழைத்த செங்கல்பட்டும், மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றிப் பால் பிராண்ட் நிமிர்த்திய வேலூரும், அதன் அருகே தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரியும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. வேறெந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திடுவதற்கு முன், கரிகிரிக்குச் சென்று சில நாட்கள் தங்கி, அங்குள்ள புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார். பார்த்தபின் உன் முடிவை எனக்கு எழுது.