நங்கூரச் சங்கிலியும் அதன் அடையாளமும்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். ஓடச்செய்த பாயைப் போற்றும் நாம், நிற்கச்செய்த நங்கூரத்தை நினைப்பதில்லை. முல்லைத்தீவுக் கரையோரஞ் செல்லும் பாய்ப்படகுக்கோ நங்கூரச் சங்கிலியே துறைமுகமாகும். திருகோணமலையைப் போன்ற இயற்கை அரண் இங்கு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசுங்கால் நங்கூரம் பெயர்ந்தால், படகு கரையில் மோதுதல் திண்ணம்.

சங்கிலியைத் தெரியுமிடத்துத் தடிப்பு, தரம், பொருத்தம் ஆகிய மூன்றையும் நோக்கல் வேண்டும். 8 மில்லிமீற்றர்ச் சங்கிலி மீற்றருக்கு ஏறத்தாழ 1.4 கிலோகிராமும், 10 மில்லிமீற்றர்ச் சங்கிலி ஏறத்தாழ 2.3 கிலோகிராமும் நிறையுடையன. 60 மீற்றர் கொண்டால் வேறுபாடு 50 கிலோகிராமுக்கு மேலாகும். அப்பாரம் முழுவதும் படகின் முன்புறத்தை அழுத்தும். எனவே, 40 ஆம் தரத்து மெல்லிய சங்கிலி, 30 ஆம் தரத்துத் தடித்த சங்கிலியின் வலிமையை ஏறக்குறைய எட்டுதலின், சிறுபடகினர் அதனை விரும்புவர். எதனைத் தெரிந்தாலும், சங்கிலியை இழுக்கும் பொறியின் சில்லுக் குழிகளில் வளையங்கள் செவ்வையாக அமர வேண்டும். அமராவிடின் சங்கிலி நழுவியோடும்.

இனி நீளம். நங்கூரத்தைச் சங்கிலி கிடையாக இழுத்தால் அது மணலிற் புதையும். மேனோக்கி இழுத்தால் பெயரும். ஆகையால் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுக என்பர். ஈண்டுப் பலர் பிழைபடுகின்றனர். நீராழம் 6 மீற்றர் எனக் கொள்வோம். நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை 1.5 மீற்றர், வற்றுப்பெருக்கு அரை மீற்றர். ஆகவே கணக்கிடற்குரிய உயரம் 8 மீற்றர். விடவேண்டியது 40 மீற்றர். 6 ஐ மட்டும் பெருக்கி 30 மீற்றர் விட்டவன் நான்கு மடங்குகூட விட்டானல்லன். கடுங்காற்றில் எட்டு மடங்கு, அஃதாவது 64 மீற்றர், வேண்டப்படும்.

விட்ட நீளத்தை அறிவிப்பது அடையாளமே. 10 மீற்றருக்கு ஒருமுறை வர்ணம் பூசுக: 10 இல் ஒரு பட்டை, 20 இல் இரண்டு, 30 இல் மூன்று என எண்ணிக்கையால் அறியுமாறு அமைத்தல் நன்று. இருளில் நிறம் தெரியாது. முற்கால மாலுமிகள் ஆழமளக்கும் கயிற்றில் தோலும் துணியுங் கட்டிக் கையால் தடவி அறிந்தனர். அவ்வாறே நாமும் வளையங்களிற் சிறு கயிற்றுத் துண்டுகளைக் கட்டலாம்.

சங்கிலியின் ஒருபுறத்து நாகமுலாம் தேய்ந்தவழி, அதனை முனைமாற்றிப் பூட்டுவர். அப்போது பழைய அடையாளங்கள் அனைத்தும் பொய்ச்சாட்சியாகும். அவற்றை நீக்கி மறுபடி அளந்து பூசுதல் வேண்டும். உள்முனையைப் படகுடன் வலிய கயிற்றாற் பிணிக்க. இடர் நேரும்போது கத்தியால் அறுத்துத் தப்பலாம்.

வகுப்பறையில் நாம் கற்ற பெருக்கல் வாய்பாடு, கொந்தளிக்கும் கடலில் உயிர் காப்பதாகும். ஊகத்தை நம்பாது அளந்து நிற்பவனே நிலைநிற்பான்.